சால்மன் தூண்டிலும் ரீல் பராமரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சால்மன் பிடிக்கப் போகிறவர்கள் முதலில் என்னிடம் கேட்பது மீனைப் பற்றி. ஒரு சீசன் போய் வந்த பிறகு கேட்பதெல்லாம் ரீலைப் பற்றி. பல நாள் எறிந்து காத்திருந்த பிறகு ஒரே ஒரு மீன் மாட்டும். அது ஓடும் முதல் அரை நிமிடத்தில் ரீல் தடுமாறினால் அத்தனை நாள் காத்திருப்பும் அதோடு போய்விடும். அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன், எனக்கும் நடந்திருக்கிறது. அதனால் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். 'நரம்பு' என்று நான் எழுதுவது தங்கூசி (ஒற்றை நைலான் இழை), பிரெய்டு (பல மெல்லிய இழைகளைப் பின்னியது) இரண்டுக்கும் பொது.

சால்மன் என்பது ஒரே மீனா? ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்களே.

ஒரே மீன் இல்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளில் ஐந்து வகை ஏறி வருகின்றன: சினூக், கோஹோ, சாக்கி, பிங்க், சம். குழப்பம் வருவது இவற்றின் செல்லப் பெயர்களால்தான். சினூக்கைக் கிங் என்பார்கள், கோஹோவைச் சில்வர் என்பார்கள், சாக்கியை ரெட் என்பார்கள். அட்லாண்டிக்கில் இருப்பது ஒரே வகை, சால்மோ சலார். இவை தவிர, மனிதர் கொண்டுபோய் விட்டு நிலைத்தவையும் உண்டு. மிச்சிகன் மாநிலம் 1966-இல் கோஹோவையும் அடுத்த ஆண்டு சினூக்கையும் பேரேரிகளில் விட்டது. நியூசிலாந்தின் தென் தீவு ஆறுகளில் இருக்கும் சினூக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்டதுதான். 'ஆஸ்திரேலியன் சால்மன்', 'இந்தியன் சால்மன்' என்ற பெயர்களில் வருபவை சால்மன் குடும்பமே அல்ல.

வகை எது என்று தெரிந்துகொள்வது ரீல் வாங்குவதற்கும் அவசியம். பிங்க் பெரும்பாலும் இரண்டு கிலோ சுற்றளவில் நிற்கும். சினூக் அப்படியல்ல. 1985 மே மாதம் அலாஸ்காவின் கீனாய் ஆற்றில் லெஸ் ஆண்டர்சன் பிடித்த சினூக் 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 44 கிலோ. அட்லாண்டிக் சால்மனிலும் பெரியவை உண்டு. ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் 1922 அக்டோபரில் ஜார்ஜினா பாலன்டைன் தூண்டிலில் எடுத்த 64 பவுண்டு மீன்தான் இன்றும் பிரிட்டனின் சாதனை.

ஆற்றுக்குள் வந்துவிட்டால் சால்மன் சாப்பிடாது என்கிறார்கள். அப்புறம் தூண்டிலை ஏன் கடிக்கிறது?

சாப்பிடாது என்பது உண்மை. முட்டையிட ஆற்றுக்குள் ஏறும் சால்மன் கடலில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் நீந்துகிறது. அதன் குடல் சுருங்கிப் போயிருக்கும். ஆனால் பசி போனாலும் பாய்ந்து கவ்வும் பழக்கம் முழுதாகப் போவதில்லை. தன் இடத்துக்குள் எதுவோ குறுக்கே வந்தால் எரிச்சலிலும் கவ்வும்.

இதனால் உங்கள் எறியும் முறை மாறவேண்டும். பசித்த மீனுக்கு இரையைக் காட்டினால் போதும், சால்மனுக்கு அதன் மூக்கின் முன்னாலேயே கொண்டுபோய்ச் சீண்டவேண்டும். ஒரே இடத்தில் ஐம்பது முறை எறிந்து ஐம்பத்தோராவது முறை கடிப்பது இந்த மீனிடம் சாதாரணம். சாக்கிதான் இதில் மிகவும் கடினமானது. கடலிலேயே அது பெரும்பாலும் மிதவை உயிரிகளை வடித்துத் தின்று வளர்ந்தது, லூரை, அதாவது போலி இரையை, துரத்தும் பழக்கம் அதற்குக் குறைவு.

முதல் தடவை போகிறேன். எந்த ரீல் வாங்கட்டும்?

கோஹோ, பிங்க், நடுத்தர அட்லாண்டிக் சால்மன் என்றால் 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் போதும். 200 மீட்டர் நரம்பு அதில் வசதியாகச் சேரும். பெரிய சினூக்கைக் குறிவைத்துப் படகிலிருந்து இழுத்துப் போகிறவர்களும் கனமான லூரை ஆழத்தில் விடுகிறவர்களும் பெயிட்காஸ்டர் வகையை, அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலே சுழலும் ரீலை எடுப்பார்கள். ஃப்ளை (இறகும் நூலும் கட்டிய இலேசான போலி இரை) என்றால், ஃப்ளை நரம்புக்குக் கீழே குறைந்தது 150 மீட்டர் பேக்கிங் நரம்பு (மீன் தூரம் ஓடும்போது உதவும் கூடுதல் நரம்பு) சேரும் ரீலாக இருக்கட்டும்.

கடையில் பெட்டியின் மேல் பேரிங் எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பைப் பிடித்துப் பிடித்து விடும் பிரேக்கை, பாதி இறுக்கிவிட்டு, நரம்பையோ ஸ்பூலையோ விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெட்டாமல், தயங்காமல் நகரத் தொடங்குகிறதா? அதுதான் சால்மன் ரீல். பன்னிரண்டு பேரிங் இருந்தும் டிராக் வெட்டினால் எனக்கு அந்த ரீல் வேண்டாம்.

ஆற்றில் எங்கே நின்று எறிவது? எல்லா இடமும் ஒரே மாதிரி தெரிகிறது.

எதிர்நீச்சல் போடும் மீன் எங்கே இளைப்பாறும் என்று யோசியுங்கள். பாறைக்கு முன்னும் பின்னும், வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசும் கோட்டில், மடு முடிந்து தண்ணீர் மறுபடி வேகமெடுக்கும் வால் பகுதியில். மழைக்குப் பின் ஆறு பெருகி, கலங்கல் தெளிந்து இறங்கத் தொடங்கும் நேரம் பொன்னான நேரம், புது மீன்கள் அப்போதுதான் ஏறும்.

ஓட்டத்துக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி எறிந்து, லூரோ ஃப்ளையோ வில் வளைவாகக் கரைக்கு வரும்படி விடுங்கள். அப்புறம் இரண்டு அடி கீழே நகர்ந்து மறுபடி எறியுங்கள். இப்படியே மடுவின் நீளம் முழுக்க.

மீன் தொட்டதும் தூண்டில் கம்பை வெடுக்கென்று தூக்கலாமா?

லூரில் பிடிக்கும்போது உறுதியாக ஒரு இழுப்பு கொடுக்கலாம். ஃப்ளையில், அதிலும் அட்லாண்டிக் சால்மனுக்கு, கூடாது. மீன் ஃப்ளையைக் கவ்வி, திரும்பி, ரீலிலிருந்து நரம்பை இழுக்கத் தொடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அது திரும்பும்போதுதான் தூண்டில் முள் வாயின் ஓரத்தில் சரியாக மாட்டும். முதல் தட்டலிலேயே தூக்கினால் வாய்க்குள்ளிருந்து முள்ளை நீங்களே உருவி எடுத்ததாகிவிடும்.

மாட்டிய பிறகு அது ஓடும்போது கைப்பிடியைத் தொடவே தொடாதீர்கள், ஓடட்டும். மேலே துள்ளினால் கம்பின் நுனியைத் தாழ்த்தி நரம்பில் கொஞ்சம் தளர்வு கொடுங்கள். காற்றில் இருக்கும் மீனுக்குத் தண்ணீரின் தாங்கல் கிடையாது. இறுகிய நரம்பின் மேல் அதன் முழு எடையும் விழுந்தால் முள் கழன்றுவிடும்.

டிராக் எவ்வளவு இறுக்கவேண்டும்? கையால் இழுத்துப் பார்த்தால் போதாதா?

கையால் இழுத்துப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதிகமாக இறுக்கியிருப்பார்கள். ஒரு சிறிய ஸ்பிரிங் தராசு வாங்குங்கள். நரம்பின் நுனியைத் தராசில் கட்டி, கம்பை மீனோடு போராடும் கோணத்தில் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். நரம்பு நகரும்போது தராசு காட்டும் எடை, உங்கள் அமைப்பில் எது மிகப் பலவீனமோ அதன் அறுபடும் எடையில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்கவேண்டும்.

'எது மிகப் பலவீனமோ' என்பதைக் கவனியுங்கள். ஸ்பூலில் 15 கிலோ பிரெய்டு இருக்கலாம், ஆனால் முனையில் 6 கிலோ லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் தனி நரம்புத் துண்டு) கட்டியிருந்தால் கணக்கு 6 கிலோவுக்குத்தான். டிராக் 1.5 முதல் 2 கிலோ. இவ்வளவு குறைவா என்று கேட்பார்கள். முடிச்சு நரம்பின் பலத்தைக் குறைக்கும், கம்பின் வளையங்களில் உரசல் கூடும், பாறையில் பட்ட சின்னக் கீறல் கண்ணுக்கே தெரியாது. மிச்ச பலம் இவற்றையெல்லாம் தாங்குவதற்கு.

தராசு வைத்துச் சரியாகத்தான் வைத்தேன். இருந்தும் மீன் தூரம் ஓடிய பிறகு நரம்பு அறுந்தது. ஏன்?

நல்ல கேள்வி, அனுபவசாலிகளும் இங்கேதான் தவறுகிறார்கள். டிராக் பிடிப்பது ஸ்பூலின் அச்சை. மீன் இழுப்பதோ ஸ்பூலில் நரம்பு சுற்றியிருக்கும் விளிம்பை. நரம்பு ஓட ஓட அந்தச் சுற்றின் ஆரம் குறைகிறது, அதே டிராக்கை அசைக்க மீன் அதிக பலம் கொடுக்கவேண்டி வருகிறது. நிறைந்த ஸ்பூலில் ஆரம் 3 செ.மீ., டிராக் 2 கிலோ என்று வையுங்கள். ஆரம் 2 செ.மீ. ஆகும்போது நீங்கள் எதையும் தொடாமலேயே அது 3 கிலோ ஆகிவிடும். தண்ணீரில் வில்லாக வளைந்து கிடக்கும் நீண்ட நரம்பை ஆற்றின் ஓட்டம் தள்ளுவது இதற்கு மேல்.

மீன் தூரம் போகிறதே என்ற பயத்தில் அந்த நேரம் பார்த்து டிராக்கை இறுக்குகிறோம். செய்யவேண்டியது நேர்மாறு. நீண்ட ஓட்டத்தில் கொஞ்சம் தளர்த்துங்கள், முடிந்தால் கரையோரமாக நடந்து மீனைப் பின்தொடருங்கள். ஸ்பூலை விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவு வரை நிரப்பி வைப்பதும் உதவும், ஆரம் பெரிதாகத் தொடங்கினால் சீக்கிரம் சுருங்காது.

டிராக் ஒரே சீராக விடாமல் விட்டுவிட்டு இழுக்கிறது. வாஷர் மாற்ற வேண்டுமா?

உடனே மாற்ற வேண்டாம், முதலில் திறந்து பாருங்கள். முன்பக்க டிராக் உள்ள ஸ்பின்னிங் ரீலில் இது ஸ்பூலுக்குள்ளேயே இருக்கும். திருகைக் கழற்றி, வளையக் கம்பியை மெல்ல நெம்பினால் வாஷர்கள் அடுக்காக வரும். ஒரு காதுள்ள உலோக வாஷர், ஒரு மென்மையான வாஷர், மறுபடி உலோகம் என்று இருக்கும். அந்த வரிசை மாறினால் டிராக் வேலை செய்யாது. ஒவ்வொன்றையும் எடுக்கும்போதே படம் எடுங்கள்.

மென்மையான வாஷர் ஃபெல்ட் என்றால் அது எண்ணெய் குடித்திருக்கவேண்டிய பொருள். காய்ந்து விறைத்திருந்தால் டிராக் வெட்டும். டிராக்குக்கென்று விற்கும் கிரீஸை விரலால் தேய்த்து ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். கார்பன் ஃபைபர் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதே கிரீஸை மிக மெல்லிதாகப் பூசுங்கள். தயாரிப்பாளர் உலர்வாகவே விடச் சொன்னால் உலர்வாக விடுங்கள். உலோக வாஷரில் துருவோ வரியோ இருந்தால் அதை மாற்றவேண்டும். கியருக்குப் போடும் சாதாரண கிரீஸ் இங்கே வேண்டாம். சூட்டில் அது இளகி, டிராக் ஒரு நேரம் வழுக்கும், ஒரு நேரம் பிடிக்கும்.

ஒரு முறை சீசன் முடிந்து டிராக்கை இறுக்கியபடியே ரீலைப் பையில் வைத்துவிட்டேன். மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த ஃபெல்ட் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த சீசனின் முதல் கோஹோ ஓடியபோது ஸ்பூல் ஒரு நொடி அசையவே இல்லை. அந்த ஒரு நொடியில் லீடர் போய்விட்டது. வாயில் முள்ளோடு போன அந்த மீனை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. டிராக்கைப் பார்க்கும்போது, ஓடத் தொடங்கிய பின் எவ்வளவு காட்டுகிறது என்பதோடு, முதல் அசைவுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதையும் தராசில் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கடலில் போய் வந்ததும் ரீலைத் தண்ணீர் வாளியில் ஊறப் போடுகிறேன். சரிதானே?

சரியில்லை. ஊறவைத்தால் உப்பு கரையும், ஆனால் கரைந்த உப்புத் தண்ணீர் பேரிங்குகளுக்குள்ளும் கியர் பெட்டிக்குள்ளும் போய் உட்காரும். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சுவதும் அதே தவறு. வெந்நீர் கிரீஸை இளக்கும்.

செய்யவேண்டியது இது. முதலில் டிராக்கை இறுக்குங்கள், வாஷர்களுக்குள் தண்ணீர் புகாமல் இருக்க. சாதாரணத் தண்ணீரைத் தூறல் மாதிரி மேலே விட்டு, லைன் ரோலரிலும் (நரம்பு உரசி ஓடும் சிறு உருளை) கைப்பிடி மூட்டிலும் பெயில் கம்பியின் (நரம்பை ஸ்பூலுக்குக் கொண்டுபோகும் வளைந்த கம்பி) இரு முனைகளிலும் விரலால் தேய்த்துவிடுங்கள். உதறித் துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். காய்ந்ததும் லைன் ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய். அப்புறம் டிராக்கை முழுதாகத் தளர்த்திவிடுங்கள், ஏன் என்று மேலே சொன்ன கோஹோ கதையே சொல்லும்.

நல்ல தண்ணீர் ஆற்றில் மட்டும் பிடிக்கிறவர்களுக்கு இவ்வளவு வேண்டாம். மணல் இருந்தால் கழுவுங்கள், இல்லையென்றால் துடைத்துக் காயவைத்தால் போதும். ஈரத்தோடு உறையில் போட்டு மூடுவதைத்தான் தவிர்க்கவேண்டும்.

டபிள்யூடி-40 அடித்துவிட்டால் போதாதா? எல்லாவற்றுக்கும் அதுதானே போடுகிறோம்.

அதன் பெயரிலேயே பதில் இருக்கிறது. 'டபிள்யூடி' என்பது தண்ணீரை விலக்குவது என்ற பொருள் தரும் சொற்களின் சுருக்கம், 40 என்பது நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதைக் குறிக்கும். 1953-இல் உருவானது. நனைந்த உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்ட, துருப்பிடித்த திருகை இளக்க அது நல்ல பொருள். ஆனால் கியரின் பழைய கிரீஸைக் கரைத்து வழியவிட்டு, தன் பங்குக்கு மிக மெல்லிய படலத்தை மட்டுமே விட்டுவைக்கும். ரீலுக்குள் அடித்தால் அன்றைக்கு வழவழவென்று சுற்றும். சில நாளில் கியர் கிரீஸ் இல்லாமல் உலோகம் உலோகத்தில் தேயும்.

எங்கே கிரீஸ், எங்கே எண்ணெய்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பல்லோடு பல் அழுத்தி வேலை செய்யும் இடத்தில் கிரீஸ், வேகமாகச் சுழலும் இடத்தில் எண்ணெய். இந்த ஒரு விதியில் முக்கால்வாசி சந்தேகம் தீர்ந்துவிடும். மெயின் கியர், பினியன் (அதோடு பல் பொருந்தும் சிறு கியர்), ஸ்பூலை மேலும் கீழும் நகர்த்தும் பாகங்கள், இவற்றுக்குக் கிரீஸ். லைன் ரோலர், கைப்பிடிக் குமிழ், பெயிட்காஸ்டரில் ஸ்பூலின் இரு பக்கப் பேரிங்குகள், நரம்பை ஸ்பூலில் சீராகப் பரப்பும் லெவல் வைண்டின் திருகுத் தண்டு, இவற்றுக்கு எண்ணெய். ஸ்பூலைத் தாங்கும் மெயின் ஷாஃப்ட்டில் எண்ணெயை விரலால் தடவினால் போதும்.

அளவுதான் அடுத்த சிக்கல். கியர் பற்களில் தூரிகையால் பூசியது தெரியவேண்டும், பெட்டி நிறையக் கூடாது. எண்ணெய் என்றால் ஒரு சொட்டு, இரண்டு அல்ல. உடலில் போகும் திருகுகளின் மரையிலும் கிரீஸை லேசாகத் தடவுங்கள். அலுமினிய உடலில் எஃகுத் திருகு உப்பு ஈரத்தோடு உட்கார்ந்தால் அரிப்பு பிடித்து, பிறகு எந்தத் திருப்புளிக்கும் அசையாது.

நானே சர்வீஸ் செய்தேன். இப்போது கைப்பிடி பின்பக்கமாகவும் சுற்றுகிறது!

பதற வேண்டாம், எதுவும் உடையவில்லை. ஸ்பூலைச் சுற்றி வரும் பாகமான ரோட்டருக்குக் கீழே ஒருவழி கிளட்ச் பேரிங் ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் சிறு உருளைகள் ஒரு பக்கம் உருளும், மறுபக்கம் நெருக்கிப் பூட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் கிரீஸ் போயிருக்கிறது. கெட்டியான கிரீஸில் உருளைகள் மிதக்கின்றன, பூட்டவேண்டிய நேரத்தில் நெருக்க முடிவதில்லை.

ரோட்டரைக் கழற்றி, கிளட்சை ஆல்கஹாலில் கழுவி, முழுதாகக் காயவைத்து, மிக மெல்லிய எண்ணெய் அரைச் சொட்டு போட்டு மாட்டுங்கள். ரோட்டர் நட்டு சில ரீல்களில் எதிர்மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால் கழலும். பலம் போடுவதற்கு முன் அதைப் பாருங்கள். சால்மன் ஆறுகள் குளிரானவை. வீட்டுக்குள் நன்றாகப் பூட்டிய கிளட்ச், விடியற்காலைக் குளிரில் கிரீஸ் இறுகி வழுக்குவதும் உண்டு, காரணம் இதேதான்.

சுற்றும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. எது கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். நரம்பு இல்லாமல் சுற்றினால் சத்தம் இல்லை, நரம்பு இறுகி வரும்போது மட்டும் என்றால் லைன் ரோலர். ஸ்பூலைக் கழற்றிவிட்டுச் சுற்றியும் சத்தம் இருந்தால் உள்ளே. மெதுவாகச் சுற்றும்போது பல் பல்லாகத் தட்டுப்பட்டால் கியர், தொடர்ந்து மணல் அரைப்பது போல் இருந்தால் பேரிங்.

பேரிங் என்றால் கழுவிப் பார்க்கலாம். மூடியைப் பிடித்திருக்கும் சிறு வளையத்தை ஊசியால் எடுக்க முடிந்தால் எடுத்து, லைட்டர் திரவத்திலோ ஆல்கஹாலிலோ குலுக்கி, காயவைத்து, எண்ணெய் போடாமல் விரலில் சுற்றிப் பாருங்கள். இன்னும் அரைத்தால் அது முடிந்துவிட்டது, புதிது போடுங்கள். கியர் தேய்ந்திருந்தால் எந்தக் கிரீஸும் அதை மீட்காது. மாற்றும்போது மெயின் கியரையும் பினியனையும் சேர்த்தே மாற்றுங்கள், தேய்ந்த பினியன் புதுக் கியரையும் சீக்கிரம் தின்றுவிடும்.

நரம்பு முறுக்கிக்கொண்டு சிக்குச் சிக்காக விழுகிறது. ரீல்தான் காரணமா?

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் நிற்கிறது, ரோட்டர் அதைச் சுற்றி வந்து நரம்பைச் சுற்றுகிறது. 1905-இல் இங்கிலாந்தின் ஆலைத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் இந்த வகைக்குக் காப்புரிமை வாங்கியபோதே முறுக்கும் கூடவே வந்துவிட்டது. அந்த அமைப்பின் இயல்பு அது. லைன் ரோலர் சுழலாமல் நின்றிருந்தால் இன்னும் மோசமாகும். சுழலும் லூரான ஸ்பின்னரை ஸ்விவல் (தானே சுழன்று முறுக்கைத் தடுக்கும் சிறு இணைப்பு) இல்லாமல் கட்டினாலும் அப்படித்தான்.

ஆனால் சால்மன்காரர்கள் செய்யும் பெரிய தவறு வேறு. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போதும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பது. நரம்பு உள்ளே வராது, ஆனால் ரோட்டர் சுற்றும். கியர் விகிதம் 6-க்கு 1 என்றால், கைப்பிடியின் ஒவ்வொரு வீண் சுற்றுக்கும் நரம்பில் ஆறு முறுக்கு ஏறுகிறது. ஓடும்போது கைப்பிடியைத் தொடாதீர்கள் என்று முன்பே சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். ஏறிய முறுக்கை எடுக்க, முனையில் எதுவும் கட்டாமல் நீண்ட நரம்பை ஆற்று ஓட்டத்தில் விட்டு, சில நிமிடம் கழித்து விரலால் அழுத்தியபடி சுற்றி எடுங்கள்.

பிரெய்டு மாற்றியதிலிருந்து டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்கவில்லை.

டிராக் பிடிக்கிறது, நரம்புதான் ஸ்பூலின் மேல் மொத்தமாக வழுக்குகிறது. பிரெய்டு வழவழப்பானது, வெறும் உலோகத்தைக் கவ்வாது. அடியில் சில மீட்டர் தங்கூசி சுற்றிவிட்டு அதன் மேல் பிரெய்டைச் சுற்றுங்கள்.

பெயிட்காஸ்டரில் நரம்பு ஒரே பக்கமாகக் குவிகிறது.

லெவல் வைண்டில் குறுக்கு மரை வெட்டிய தண்டு ஒன்றும், அந்தப் பள்ளத்தில் ஓடும் 'பால்' (pawl) என்ற சின்ன உலோக நாக்கும் இருக்கும். பள்ளத்தில் மணல், காய்ந்த எண்ணெய் சேர்ந்திருக்கும், அல்லது நாக்கு தேய்ந்திருக்கும். பல்துலக்கும் தூரிகையால் பள்ளத்தைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டுப் பாருங்கள். நாக்கின் முனை மழுங்கியிருந்தால் அதை மாற்றுங்கள். சின்னப் பாகம், எளிதில் மாற்றலாம்.

பிரித்தால் மறுபடி சேர்க்க முடியாதோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, ஆனால் முறையாகச் செய்தால் தேவையில்லை. ஒரு வெள்ளைத் துணி, முட்டை அட்டை, கைபேசிக் கேமரா, திருகுத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி, இவை போதும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, அட்டைக் குழிகளில் வரிசையாக வையுங்கள். சேர்க்கும்போது கடைசியிலிருந்து தொடங்குங்கள். பெயில் ஸ்பிரிங் இருக்கும் பக்கத்தைத் திறக்கும்போது ரீலை ஒரு பெரிய கண்ணாடித் தாள் பைக்குள் வைத்துத் திறங்கள். பறந்தாலும் பைக்குள்ளேயே விழும். ஆழமான சர்வீஸ் சீசனுக்கு ஒரு முறை போதும். கடலிலேயே பெரும்பாலும் பிடித்தால் நடுவில் இன்னொரு முறை.

சில ரீல்களைத் திறக்காமல் இருப்பதே நல்லது. டைவாவின் மேக்சீல் போல, காந்தத்தால் நிறுத்தப்பட்ட எண்ணெய்ப் படலத்தை அடைப்பாக வைத்திருக்கும் ரீல்களில், வீட்டில் வேறு எண்ணெய் விட்டால் அந்த அடைப்பே போய்விடும். அவற்றைச் சர்வீஸ் மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

பழைய ஃப்ளை ரீல் ஒன்று கிடைத்தது. டிராக்கே இல்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும். சால்மனுக்கு ஆகுமா?

ஆகும். டிஸ்க் டிராக் வருவதற்கு முன் பெரிய சால்மன்களை இந்த வகையில்தான் எடுத்தார்கள். பல் சக்கரத்தின் மேல் ஒரு முக்கோண நாக்கை ஸ்பிரிங் அழுத்துகிறது, சத்தம் அதிலிருந்து வருகிறது. ஸ்பூல் தாறுமாறாக ஓடி நரம்பு சிக்காமல் இருப்பதற்குத்தான் இந்த அமைப்பு. மீனை நிறுத்துவது உங்கள் உள்ளங்கை, ஸ்பூல் விளிம்பு வெளியே தெரிந்தால் அதன் மேல் மெல்ல அழுத்திக் கொடுக்கவேண்டும்.

பராமரிப்பு எளிது. ஸ்பூலைக் கழற்றி, பழைய பிசினைத் துடைத்து, அச்சில் மெல்லிய எண்ணெயும் நாக்கில் துளி கிரீஸும் வையுங்கள். நாக்கின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் பல ரீல்களில் அதைத் திருப்பிப் போடலாம். இடக்கை வலக்கை மாற்றுவதும் சில ரீல்களில் இதே வழிதான்.

ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போகும்போது கிருமிநாசினியில் முக்கச் சொல்கிறார்கள். ரீல் கெடாதா?

நார்வேயில் இது விதி, விதிக்குப் பின்னால் பெரிய இழப்பு இருக்கிறது. கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி அங்கே பல ஆறுகளின் சால்மன் குஞ்சுகளை அழித்தது. ஈரமான வலையிலும் பூட்ஸிலும் நரம்பிலும் ஒட்டிக்கொண்டு அது ஆறு மாறும். நியூசிலாந்தின் தென் தீவில் 2004-இல் தெரியவந்த டிடிமோ பாசியும் இப்படி ஈரத்தோடு பரவக்கூடியதே. அதனால் ரீலைக் காரணம் காட்டித் தட்டிக் கழிக்காதீர்கள். அங்கே சொல்கிற முறையில் செய்துவிட்டு, அனுமதித்த நேரம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மேலே சொன்னபடி காயவைத்து எண்ணெய் விடுங்கள். அந்த ஒட்டுண்ணிக்கு முழு உலர்வு எமன், ரீலுக்கும் அதுவே நல்லது.

உரிமமும் விதியும் இடத்துக்கு இடம் மாறும். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கக் கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் எதிர்முள் (கழலாமல் தடுக்கும் பின்நோக்கிய கூர்) இல்லாத தூண்டில் முள்தான் பயன்படுத்தவேண்டும். போவதற்கு முன் அந்த ஆற்றின் அந்த ஆண்டு விதியைப் படியுங்கள்.

பிடித்ததைத் திருப்பி விடுகிறேன். அப்படியென்றால் மெல்லிய நரம்பு, தளர்ந்த டிராக் போதும்தானே?

இல்லை, இதில்தான் நல்ல எண்ணத்தோடு தவறு நடக்கிறது. நீண்ட நேரம் போராடிய மீன் களைத்து, விட்ட பிறகு செத்துப்போகலாம். திருப்பி விடுகிறவர்தான் பலமான லீடர் கட்டி, டிராக்கை முன்பு சொன்ன மூன்றில் ஒரு பங்கில் வைத்துச் சீக்கிரம் கொண்டுவரவேண்டும். மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல், ஓட்டத்தை நோக்கித் தலையைப் பிடித்து, அது தானாக உதறிப் போகும் வரை காத்திருங்கள். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தூண்டிலையே எடுத்துவைத்துவிடுங்கள், அந்தச் சூட்டில் ஆக்சிஜன் குறைவு, களைத்த சால்மன் மீள்வது கடினம்.

என் ரீலுக்கு உதிரி பாகமே வருவதில்லை என்கிறார்கள். தூக்கிப் போட்டுவிடவா?

போடாதீர்கள். பேரிங்குகள் பெரும்பாலும் பொது அளவுகளில் வருபவை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் காலிப்பரால் மில்லிமீட்டரில் அளந்தால் வேறு எதற்கோ விற்கும் பேரிங் பொருந்தும். டிராக் வாஷரைக் கார்பன் ஃபைபர் தகட்டிலிருந்து பழையதை அச்சாக வைத்து வெட்டிக்கொள்ளலாம், தடிமன் மட்டும் அதேயாக இருக்கட்டும். பெயில் ஸ்பிரிங்கைப் பியானோ கம்பியில் வளைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கியரும் பினியனும்தான் வீட்டில் செய்ய முடியாதவை. அதற்கு ஒரே வழி, அதே மாடலில் உடைந்த ரீல் ஒன்றைத் தேடி வாங்கி வைத்துக்கொள்வது. வாங்கும்போது கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, கியர் பல் தட்டுப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். உடல் உடைந்திருந்தாலும் பெயில் வளைந்திருந்தாலும் கவலையில்லை, நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் அந்த இரண்டு சக்கரங்கள்.